ஓதம் ஏறும் தரைக்கு டைல்ஸா, கானா?

கேள்வி: ஹட்டன் பக்கம் எங்கள் வீடு. லயத்துக் காம்பராவைப் பெரிதாக்கிக் கட்டியது, பின்னால் மண்திட்டு. மழைக்காலத்தில் சிவப்புச் சீமெந்துத் தரையில் பாய் விரித்தால் காலையில் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. சுவரின் அடியில் வெள்ளையாகத் தூள் கொட்டுகிறது. மேசன், "மேல டைல்ஸ் பதிச்சா சரியாயிடும்" என்கிறார். ஹார்ட்வெயார் கடையில் வாட்டர்புரூஃப் மருந்துப் போத்தலைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். பின்சுவர் ஓரம் ஒன்று, அறை நடுவில் ஒன்று. பொலித்தீனுக்கு அடியில் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேலே மட்டும் நனைந்திருந்தால் அது குளிர்ந்த தரையில் பனிக்காற்று வேர்ப்பது. அதற்கு ஜன்னலைத் திறந்து காற்று விட வேண்டும். டைல்ஸ் போட்டாலும் வேர்க்கத்தான் செய்யும். உங்கள் சுவரில் கொட்டுவது உப்பு. கீழிருந்து ஏறும் தண்ணீர்தான் அதைக் கொண்டுவந்து விட்டுப் போகிறது. ஆகவே நிலத்து ஈரம் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் முதல் செலவு வீட்டுக்கு வெளியே. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழையில் திட்டு ஊறிக் கிடக்கும். அந்தத் தண்ணீர் இறங்கி வந்து நிற்கிற இடம் உங்கள் பின்சுவர். வெளி மண் உள்தரையை விட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் மண் சரிந்து சேர்ந்து பல வீடுகளில் அது தரைக்கு மேலேயே இருக்கிறது. அதை வழித்தெடுத்து, சுவரைவிட்டுத் தள்ளி ஒரு கான் (வடிகால்) வெட்டுங்கள். கூரைப் பீலித் தண்ணீரும் அதில் விழுந்து ஓடட்டும். தேயிலை மலையில் கான் வெட்டுகிற ஊரில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை! ஆனால் திட்டின் அடியை ஆழமாக வெட்டாதீர்கள், மண் சரியும். திட்டு செங்குத்தாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

மேசன் சொல்கிறபடி மேலேயே பதித்தால் ஈரம் ஆவியாக வழியில்லாமல் சுவர்ப் பக்கம் ஒதுங்கும். அரை அடியில் கொட்டுகிற தூள் இரண்டடிக்கு ஏறும், டைல்ஸும் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் போடும். போத்தல் மருந்து புதிதாகக் கலக்கும் சீமெந்துக்கு. பழைய தரைக்குள் அது இறங்காது.

கான் வெட்டி ஒரு மழைக்காலம் பார்த்த பிறகும் ஈரம் நின்றால் தரையை உடைக்கலாம். கல் பரப்பி, மணல் தூவி, 1000 கேஜ் பொலித்தீனைச் சுவரோரம் தரைமட்டம் வரை மடித்துவிட்டு, மேலே கொங்கிரீட். கடையில் கேஜ் கேட்டு வாங்குங்கள், மெல்லியதைக் காட்டி "இது போதும்" என்பார்கள். பழைய சுவருக்கு அத்திவாரம் ஆழமிருக்காது, அதற்குக் கீழே தோண்ட வேண்டாம். கொங்கிரீட் இறுக 28 நாள். காய்வதற்கு நம் குளிரில் இன்னும் பல வாரம் பிடிக்கும். அதே பொலித்தீன் துண்டால் மறுபடி பார்த்துவிட்டுப் பதியுங்கள். சுவரில் உப்புப் பிடித்த சாந்தைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். ஒயில் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும்.

டைல்ஸ் கடைசியில்தான். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் நம்பர் (நிறச் சாயலுக்கான இலக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள். உடைசலுக்குப் பத்து வீதம் கூட வாங்குங்கள், பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கம் இருக்கிறது.

கேள்வி: போர்சலின் போட்டால் ஓதமே வராதாம், உண்மையா? (பண்டாரவளை)

பதில்: போர்சலின் தன் எடையில் அரை வீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, அவ்வளவுதான். அடியிலுள்ள ஈரம் மூட்டு வழியாகவும் சுவர் வழியாகவும் வரும். அந்த அதிகப்படி விலையைப் பொலித்தீனுக்கும் கானுக்கும் போடுங்கள். உங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் மழை குறைவு, வேலையை அப்போது வையுங்கள்.