அரக்க வம்சத்து நாயகி: பயம் எங்கே போயிற்று?

நீங்கள் எழுதும் திகில் கதையில், அரக்க வம்சத்து நாயகி காதலன்மேல் இரக்கம் கொண்டதும் பயம் வடிந்துவிடுகிறதே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு இரக்கத்தில் இல்லை. அதோடு சேர்த்து அவள் பசியையும் அணைத்துவிட்டீர்கள், அதுதான் வினை.

மகாபாரதத்தில் வரும் அரக்கி இடும்பியைப் பாருங்கள். பாண்டவர்களைக் கொன்று கொண்டுவரும்படி அண்ணன் இடும்பன் ஏவ, வந்த இடத்தில் பீமன்மேல் மையல் கொள்கிறாள். அண்ணனைக் கொன்றவனையே மணக்கிறாள். மகன் கடோத்கசன் தந்தைக்காகப் போரிட்டு மடிகிறான். ஆனாலும் கடைசிவரை அரக்கன்தான், இரவானால் அவன் பலம் பெருகும்.

உங்கள் நாயகியும் காய்ச்சலில் கிடக்கும் காதலனின் நெற்றியைத் துடைக்கட்டும். துடைக்கும்போதே அவன் கழுத்து நரம்பின் துடிப்பில் கண் நிலைக்கட்டும், வாயில் எச்சில் ஊறட்டும். வம்ச சாபத்தைப் பாட்டி விளக்கும் நீண்ட பகுதியைத் தயங்காமல் வெட்டுங்கள் (அங்கே எனக்குத் தூக்கமே வந்துவிட்டது).