சீட்டு மேஜை: பிரிட்ஜ் கேள்வி பதில்

கேள்வி: நான் ஏலத்தை 1 நோ டிரம்ப்ல (துருப்பு இல்லாம ஆடறது) ஆரம்பிச்சேன், பார்ட்னர் நேரா 4 நோ டிரம்ப்னு போயிட்டார். ஏஸ் கேக்கறார்னு நெனச்சு, கையில ரெண்டு ஏஸ் இருந்ததால 5 ஹார்ட்ஸ் சொன்னேன். ஆட்டம் முடிஞ்சதும் "நான் ஏஸே கேக்கலையே"ங்கறார். 4 நோ டிரம்ப்னா ஏஸ் கேக்கறது தானே?
- வாசகி, திருச்சி

பதில்: எல்லா நேரமும் இல்லீங்க, இங்க உங்க பார்ட்னர் சொல்றது தான் சரி. ஈஸ்லி பிளாக்வுட் 1933ல கண்டுபிடிச்ச அந்த ஏஸ் கேள்வி, துருப்பு எதுன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணின பிறகு வர்றது, உதாரணமா 1 ஸ்பேடு, 3 ஸ்பேடு, அப்புறம் 4 நோ டிரம்ப். நீங்க 1 நோ டிரம்ப் சொல்லி அதுக்கு மேல நேரா 4 நோ டிரம்ப் வந்தா அது "எங்கிட்ட 16 பாயிண்ட் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1) பக்கம் இருக்கு, உங்ககிட்ட நெறைய இருந்தா ஸ்லாம் (13 பிடியில 12ஓ 13ஓ எடுக்கறேன்ங்கற ஏலம்) போங்க, இல்லன்னா விட்டுடுங்க"ன்னு ஒரு அழைப்பு, அவ்ளோ தான். உங்க 1 நோ டிரம்ப் 15-17 பாயிண்ட்னா, 15 இருந்தா பாஸ், 17 இருந்தா 6 நோ டிரம்ப், 16ன்னா தான் யோசிக்கணும், அஞ்சு சீட்டுல நல்ல ஒரு ஜாதி (ஸ்பேடு, ஹார்ட்ஸ் மாதிரி) இருந்தா நான் போயிடுவேன்.

ஏன் இங்க ஏஸ் கேக்க வேண்டியதில்லைன்னு பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு இது. சீட்டுக்கட்டுல மொத்தம் 40 பாயிண்ட், உங்க ரெண்டு பேர்கிட்ட 33 சேந்துட்டா எதிராளிங்களுக்கு மிச்சம் 7 தான், ரெண்டு ஏஸுக்கு 8 வேணும், அதனால ரெண்டு ஏஸ் அவங்க கையில இருக்கவே முடியாது. துருப்பு வெச்சு ஆடும்போது அப்படி இல்ல, ஒரு ஜாதியே இல்லாத கை, நீளமான ஜாதின்னு கம்மி பாயிண்ட்லயே ஸ்லாம் வரைக்கும் போவோம், முதல் ரெண்டு பிடியையும் எதிராளி ஏஸ் போட்டு வாங்கிட்டா போச்சு, அதான் அங்க கேட்டே ஆகணும். 1 நோ டிரம்ப்புக்கு மேல நெஜமாவே ஏஸ் கேக்கணும்னா நெறைய பேர் 4 கிளப்ஸ் சொல்வாங்க, அதுக்கு ஜெர்பர்னு பேரு.

கேள்வி: எதிராளி 1 ஸ்பேடு சொன்னதும் என் பார்ட்னர் 2 நோ டிரம்ப்னு குதிச்சார். 20 பாயிண்ட் இருக்கும்னு நம்பி 3 நோ டிரம்ப் போனேன், மூணு பிடி குறைஞ்சுது.
- வாசகர், மதுரை

பதில்: 20 பாயிண்ட்ங்கறது யாரும் வாய் திறக்கறதுக்கு முன்னாடி 2 நோ டிரம்ப் சொன்னா தான். எதிராளி ஆரம்பிச்ச பிறகு குதிச்சு வர்ற 2 நோ டிரம்ப், கிளப்ஸும் டைமண்டும் அஞ்சஞ்சு இருக்குன்னு காட்டறது, ஆல்வின் ராத் கொண்டு வந்த ஏற்பாடு. அவங்க 1 டைமண்ட் சொல்லியிருந்தா கிளப்ஸும் ஹார்ட்ஸும், அதாவது அவங்க சொல்லாத ஜாதியில மதிப்புல கீழ இருக்கிற ரெண்டு. பெரிய கை இருந்தா அவர் முதல்ல டபுள் (எதிராளி ஏலத்தோட பந்தயத்தைக் கூட்டற சொல்) சொல்லியிருப்பார். இதுவே உங்க பார்ட்னர் 1 ஸ்பேடு சொல்லி நீங்க 2 நோ டிரம்ப் சொன்னா திரும்பவும் வேற அர்த்தம், ஜேக்கபிங்கற ஏற்பாட்டுல ஆடறவங்களுக்கு அது நாலு ஸ்பேடும் கேம் (போனஸ் கிடைக்கற அளவு ஏலம்) போற பலமும். அதனால பாயிண்ட் எண்றதுக்கு முன்னாடி, இதுக்கு முன்னாடி யார் என்ன சொன்னாங்கன்னு பாத்துடுங்க.

கேள்வி: 1 நோ டிரம்ப்புக்கு 15-17ஆ, 12-14ஆ?
- மாணவர், சென்னை

பதில்: இங்கிலாந்து அகோல் முறையில வளந்தவங்க 12-14, அமெரிக்க முறையில 15-17. புதுசா ஆடறவங்களுக்கு நான் 15-17 தான் சொல்வேன், 12ஐ வெச்சுக்கிட்டு டபுள் வாங்கினா தப்பிக்கற வழியும் தெரிஞ்சிருக்கணும். எதை எடுத்தாலும் எதிராளிங்க கேட்டா மறைக்காம சொல்லணும், அது விதி.