மகளுக்காகச் செய்த பொருத்தனை

அன்புச் சகோதரிக்கு,

மகள் பிறந்தபோதே, அவளை டாக்டராக்கி மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகப் பொருத்தனை செய்திருக்கிறீர்கள். அவளோ இன்னொரு தடவை நீட் எழுத மாட்டேன், பி.காம். சேருகிறேன் என்கிறாள். ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு தவறிப்போகுமோ என்பது உங்கள் பயம்.

உங்கள் மனதில் இருப்பது வேலூர் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. சரி, அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடரையே எடுத்துக்கொள்வோம். தாத்தாவும் அப்பாவும் மிஷனரி டாக்டர்கள். ஐடாவுக்கோ அந்த வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு அவரைக் கூப்பிட வந்தார்கள். அப்பா இருக்கிறாரே என்றால், ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அப்புறம்தான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1900-இல் திரும்பி வந்து, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். குடும்பமே அந்தத் தொழிலில் இருந்தும் ஆண்டவரின் அழைப்பு அவரிடம் நேராகத்தான் வந்தது. பைபிளில், தாய் அன்னாளின் பொருத்தனையில் வளர்ந்த சாமுவேலையும் ஆண்டவர் ராத்திரியில் பேர் சொல்லித்தானே கூப்பிட வேண்டியிருந்தது?

நம் சபைகளில் அழைப்பு என்றால் போதகர், டாக்டர், நர்ஸ். ஆடிட்டருக்கு அழைப்பு வந்ததாக யாரும் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை! குருவானவர் வேலை செருப்புத் தைப்பவர் வேலையைவிட உசத்தி இல்லை என்று திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 16-ஆம் நூற்றாண்டிலேயே வாதாடிவிட்டார். கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியிலும் மருந்து கொள்முதலுக்கும் கணக்குக்கும் நம்பகமான ஆள் வேண்டும்.

இன்னொன்று. சபையின் சிபாரிசு மட்டும் இருந்தால் சி.எம்.சி.யில் இடம் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சி.எம்.சி. போன்ற சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிபாரிசில் சேருகிறவர்கள் படிப்பு முடிந்ததும் 2 ஆண்டுகள் அனுப்புகிற இடத்தில் வேலை செய்ய வேண்டும். மனமில்லாமல் போகிற பெண்ணுக்கு அது தண்டனை, அவளிடம் வருகிற நோயாளிக்கும்தான்.

பி.காம். விண்ணப்பத்தை முதலில் போடுங்கள். லீவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் அலுவலகத்தில் சில வாரம் உதவிக்கு இருக்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள், வற்புறுத்தாமல். பொருத்தனை உறுத்தினால் உங்கள் ஆயரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு மகளைக் கூட்டிப்போக வேண்டாம்.