மாணவர் போனில் நெட் இல்லாமலும் வகுப்பில் வாக்கெடுப்பு நடத்தலாம்

பெங்களூரு கல்லூரியில் 60 பேர் வகுப்பு, போனில் கேள்வி போட்டால் நெட் கிடைக்காமல் பாதிப் பேர்தான் பதில் தருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒயிட்ஃபீல்டு பக்கம் நானும் இதே பாடு பட்டேன். பிளிக்கர்ஸ் அட்டைக்கு மாறிப் பாருங்கள். மாணவர் கையில் அச்சிட்ட அட்டை மட்டும். அதன் நான்கு ஓரங்களில் A, B, C, D என்று இருக்கும்; எந்த ஓரத்தை மேலே பிடிக்கிறாரோ அதுதான் விடை. உங்கள் போனில் உள்ள பிளிக்கர்ஸ் ஆப் கேமரா வழியாகப் படித்துக்கொள்ளும். ஆளுக்கு ஆள் அட்டையில் அச்சான உருவம் வேறு, அதனால் பக்கத்து ஆளைப் பார்த்துப் பிடிப்பது கஷ்டம். கூச்சப்படும் பிள்ளைகளும் அட்டையைத் தூக்குகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

அப்புறம், விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் முறை இது: 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிட்டு மறுபடி வாக்கெடுப்பு. தமிழிலோ கன்னடத்திலோ பேசிக்கொள்ளட்டும், தடுக்காதீர்கள்.