கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலி: பட்டை அணிந்தும் ஏன் குறையவில்லை?

ஒரு மாதமாக எலாஸ்டிக் பட்டை அணிந்தும் கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலி ஏன் குறையவில்லை என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டை மணிக்கட்டை மட்டுமே சுற்றுகிறது. கட்டைவிரல் தன் போக்கில் அசைந்துகொண்டே இருப்பதால்தான் வலி குறையவில்லை. கட்டைவிரலின் அடியையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் (அசையாமல் தாங்கும் விறைப்பான பட்டை) தேவை.

ஐந்து மாதக் குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது சுரீரென்கிறது என்று எழுதியிருப்பதால், இது டி குவெர்வெய்ன் எனப்படும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) உறைப் பாதிப்பாக இருக்கலாம். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் செல்லும் குறுகிய உறை தடித்துவிடுவதால், ஒவ்வோர் அசைவிலும் அவை இறுக்கத்தோடு உரசுகின்றன. கைக்குழந்தையுள்ள தாய்மாருக்கு இது அடிக்கடி வரும்.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீரென்று வலித்தால், இந்தப் பாதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வலியில்லாத கையிலும் செய்து ஒப்பிடுங்கள். நலமான கையிலும் இது சிலருக்குச் சற்று வலிக்கும்.

குழந்தையை, உள்ளங்கை மேல்நோக்க, முதுகுக்கும் பிட்டத்துக்கும் கீழே கைகொடுத்து அள்ளியெடுங்கள்.

ஸ்பிளிண்டுக்கும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் நீரிழிவு இருந்தால் சில நாட்கள் சர்க்கரை ஏறும், ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கவும் கூடும். கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலியானால் இவை எதையும் முயலாமல், முதலில் எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.