பழைய லாரி ஸ்டீயரிங்: வெடித்ததைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

பழைய லாரிகளைப் பிரித்துக் கோர்க்கும் நண்பர்கள் ஸ்டீயரிங் வீல் பற்றிக் கேட்டவை இவை. பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். கையால் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் லாரி 1950களில் வந்தது. ஸ்டீயரிங் முழுக்க வெடிப்பு. ஆரக்கால் வளையத்தோடு சேருற இடத்தில் நகம் நுழையுற அளவுக்குப் பிளந்திருக்கு. காப்பாத்த முடியுமா, தூக்கிப் போடணுமா?

பதில்: தூக்கிப் போடாதீர்கள், தம்பி. உள்ளே இருக்கும் இரும்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்தக் காலத்து வீல் என்பது இரும்பு வளையம், இரும்பு ஆரக்கால்கள், நடுவில் குடம். அதன்மேல் கெட்டி ரப்பரையோ செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக்கையோ வார்த்திருப்பார்கள். வெயிலில் வெந்து வெந்து பிளாஸ்டிக் வறண்டு சுருங்கும். உள்ளே இரும்பு சுருங்காது. துணியை இழுத்துப் பிடித்தால் கிழிவதுபோல அது பிளக்கிறது. ஆரக்கால் சேரும் இடத்தில் பிடிமானம் அதிகம், அதனால் அங்கேதான் முதலில் வெடிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்த வெடிப்பு சரிசெய்யக்கூடியதுதான்.

ஸ்டீயரிங் தண்டைக் கவ்வும் குடத்தின் உள்பல் தேய்ந்திருந்தாலோ, ஆரக்கால் இரும்பைத் துரு அரித்து மெலிந்திருந்தாலோ, இரும்பிலேயே கீறல் இருந்தாலோ அந்த வீல் வேண்டாம். வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்டியைத் திருப்பும் ஒரே பிடி அது.

கேள்வி: நட்டைக் கழற்றியாச்சு சார், வீல் அசையவே மாட்டேங்குது. கீழிருந்து சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டலாமா?

பதில்: தட்டவே கூடாது. ஒவ்வொரு அடியும் தண்டு வழியாக, வீலின் சுற்றைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸின் பேரிங்கில் போய் விழும். விபத்தில் மடங்கும்படி செய்த பிற்காலத் தண்டுகளில் உள்ளே பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். அடித்தால் அவை முறிந்துவிடும். வளையத்தைப் பிடித்து முழங்காலால் உந்தினாலும் மிச்சப் பிளாஸ்டிக் உடையும்.

பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு, முன் சக்கரங்களை நேராக வைத்து, தண்டிலும் குடத்திலும் ஒரே கோட்டில் அடையாளம் போடுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் புல்லரை (வீலை இழுத்துக் கழற்றும் கருவி) குடத்தில் மாட்டி மெதுவாக முறுக்குங்கள். அதற்கு முன் கழற்றிய நட்டைத் திரும்ப நாலு மரை மட்டும் ஏற்றி வையுங்கள். வீல் 'டக்'கென்று விடுபடும்போது முகத்துக்கு வராமல் அந்த நட்டு தாங்கும்.

கேள்வி: வெடிப்பில் பாடி வேலைக்குப் போடும் பட்டியையே (putty) அடைக்கலாமா?

பதில்: நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் அடைத்தேன். பெயின்ட் அடித்தபோது கண்ணாடிபோல் இருந்தது. ஒரு வெயில் காலம் போனதும் அதே இடங்களில் மயிரிழை மாதிரி கோடுகள் வந்துவிட்டன. அந்தப் பட்டி தகரத்தின் மேல் மெல்லிசாகத் தடவுவதற்கு. கை பிடித்து இழுக்கும் இடத்தில் நிற்காது. இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி பட்டியை வாங்குங்கள்.

அடைப்பதைவிட அடைப்பதற்கு முன் செய்யும் வேலைதான் முக்கியம். சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு மெழுகும் சிலிக்கானும் போகும்படி துடைத்துவிடுங்கள். பல வருடக் கை அழுக்கும் பாலிஷும் வெடிப்புக்குள் இறங்கியிருக்கும். அது இருந்தால் எதுவும் ஒட்டாது. முக்கோண அரத்தால் ஒவ்வொரு வெடிப்பையும் மேலே அகலம், கீழே குறுகல் என்று 'வி' வடிவில் இரும்பு தெரியும்வரை திறக்க வேண்டும். நல்லதை வெட்டுகிறோமே என்று மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். முதலில் கறுப்புத் தூள் வரும், பிறகு செம்மண் நிறத்தில் துரு வரும், அதன்பின் இரும்பு பளிச்சென்று தெரியும். அங்கே நிறுத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்துவிட்டுப் பட்டியை அழுத்தி நிரப்புங்கள். மேலே கொஞ்சம் மேடாகவே விடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று போங்கள். கண்ணை மூடி விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அடிப்பக்கத்தில் விரல் பதியும் பள்ளங்கள் இருந்தால் அவற்றைத் தேய்த்து மொழுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: என் வீலில் வெடிப்பு இல்லை, ஆனால் கையில் பிசுபிசுன்னு கறுப்பா ஒட்டுது.

பதில்: மேல்தோல் சிதைகிறது. இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். அசிட்டோன், தின்னர் பக்கம் போகவே வேண்டாம், பிளாஸ்டிக்கே கரைந்துவிடும். துடைத்தும் ஒட்டினால் தேய்த்துவிட்டுப் பெயின்ட் அடிப்பதுதான் வழி.

கேள்வி: என்ன பெயின்ட் நிற்கும்?

பதில்: பிரைமர் அடித்துத் தேய்த்த பிறகு, ஹார்டனர் (கெட்டிப்படுத்தும் திரவம்) கலக்கும் பாலியூரித்தேன் பெயின்ட். சாதாரண ஸ்ப்ரே டப்பா பெயின்ட் கை வியர்வையில் சீக்கிரம் தேய்ந்து போகும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகை நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். துணி முகமூடி போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாவிட்டால் பெயின்ட் கடையிலேயே கொடுத்து அடியுங்கள்.

கேள்வி: பழசை விட்டுட்டு 15 அங்குல ஸ்போர்ட்ஸ் வீல் போடலாம்னு இருக்கேன். உங்க கருத்து?

பதில்: பவர் ஸ்டீயரிங் இருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம். 18 அங்குல வீலை 15 ஆக்கினால் அதே திருப்பத்துக்கு 1.2 மடங்கு பலம் வேண்டும். பாரம் ஏற்றி, நின்ற இடத்தில் திருப்பிப் பார்த்தால் தோள்பட்டை சொல்லிவிடும். அவ்வளவு பெரிய வீலை வைத்ததே அந்தக் கனத்துக்காகத்தான். மாற்றியே ஆக வேண்டுமென்றால் தண்டின் பல் எண்ணிக்கையும் சரிவும் பொருந்தும் அடாப்டரை வாங்குங்கள். ஹாரன் கம்பி இணைப்பையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பாதிக்கு மேல் உதிர்ந்து போயிருந்தால், உங்கள் பழைய இரும்பையே அச்சில் வைத்துப் புதிதாக வார்த்துத் தருபவர்கள் உண்டு. செலவு அதிகம்தான், ஆனால் அளவும் பல்லும் மாறாமல் கிடைக்கும்.

கேள்வி: தோல் சுற்றித் தைத்துவிட்டால் வெடிப்பு மறையுமே?

பதில்: மறையும், உள்ளே துரு வளரும். அடைத்துத் தேய்த்தபின் சுற்றுங்கள்.

கேள்வி: எல்லாம் முடிச்சு மாட்டினா, நேரா போகும்போது வீல் கோணலா நிக்குது. கழற்றி ரெண்டு பல் தள்ளி மாட்டிடவா அண்ணா?

பதில்: கழற்றும்போது போட்ட அடையாளம் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேராமல் இருந்தால் அதைச் சேர்த்து மாட்டுங்கள், வேலை முடிந்தது. அடையாளம் சேர்ந்தும் கோணல் என்றால் வீலைத் தொடாதீர்கள். இந்த வண்டிகளின் ஸ்டீயரிங் பாக்ஸில் நடுப்புள்ளியில்தான் பற்கள் இறுக்கமாகக் கவ்வும். இரண்டு பக்கமும் போகப் போகத் தளர்வு கூடும். பல் தள்ளி மாட்டினால் வீல் நேராகத் தெரியும், ஆனால் பாக்ஸ் நடுவில் இருக்காது. நேர்ச் சாலையில் வண்டி அலையும்.

முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, வீலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, அங்கிருந்து மறுபக்கம்வரை சுற்றுகளை எண்ணுங்கள். பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு எண்ணினால்தான் கணக்கு சரியாக வரும். கடைசியில் இடிக்காமல் மெதுவாக நிறுத்துங்கள். அதில் பாதி வந்த இடம் பாக்ஸின் நடு. வீலை அங்கே நேராக மாட்டி, சக்கரங்களையும் நேராக வைத்து, டிராக் லிங்க் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ கோர்த்துவிடுங்கள். நீளம் மாற்ற வசதியில்லாத வண்டியென்றால் பாக்ஸ் பொருத்தமும் வளைந்த லிங்க்கும் பார்க்க வேண்டிய இடங்கள். டிராக் லிங்க் நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாமல் புதுசு போடுங்கள்.