எழுதிக் கொடுத்த பத்திரம் வேறு, பதிவான பத்திரம் வேறு

வீடு வாங்க முன்பணம் கொடுத்திருக்கும் ஒரு வாசகி எழுதுகிறார்: "ஆங்கிலத்தில் தயாரித்த கிரயப் பத்திரத்தில் விற்பவர் கையெழுத்திட்டுவிட்டார். பத்திரம் 'எக்ஸிகியூட்' ஆகிவிட்டது, இனி வீடு உங்களுடையது, மீதிப் பணத்தைக் கொடுங்கள், பதிவை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் தரகர். அகராதியிலும் 'நிறைவேற்று' என்றுதான் இருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டதா?"

முடியவில்லை அம்மா. மீதிப் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள்.

அகராதி சொல்வது தவறன்று. ஆனால் அந்த வினைச்சொல் சேரும் இடத்துக்கு ஏற்பப் பொருள் மாறும். திட்டத்தை என்றால் செய்து முடிப்பது, கணினி நிரலை என்றால் இயக்குவது, கைதியை என்றால் மரண தண்டனை நிறைவேற்றுவது, நீதிமன்றத் தீர்ப்பை என்றால் அமலாக்குவது. பத்திரத்தை எக்ஸிகியூட் செய்வதென்றால், அதில் உள்ளதைத் தெரிந்து, அதற்குச் சம்மதித்து, எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திடுவது, அதற்குமேல் ஒன்றுமில்லை. நம் பத்திரங்களில் உள்ள 'எழுதிக் கொடுத்தல்' என்ற சொல்லே இதைச் சரியாகக் காட்டுகிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடோ மனையோ பதிவு செய்த பத்திரத்தால்தான் விற்பனையாகும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 54-ஆம் பிரிவில் சொல்கிறது. கையெழுத்தோடு நிற்கும் பத்திரம் உங்களை உரிமையாளர் ஆக்காது.

தரகர்கள் இந்த ஆங்கிலச் சொல்லை விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், விற்பவர் கைக்குப் பணம் போனால்தான் தங்கள் கமிஷன் வரும் என்பதே. வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள்; உள்ளடக்கம் தெரியாமல் போட்ட கையெழுத்து எழுதிக் கொடுத்ததாகாது என்று நாளை விற்பவர் மறுத்தால், சார் பதிவாளர் பதிவை மறுக்க வேண்டியதுதான். அதன்பின் மாவட்டப் பதிவாளர், நீதிமன்றம் என்று அலைய வேண்டும்.

ஒரு விதியை மட்டும் விளக்கியாக வேண்டும், ஏனெனில் தரகர் அதையே உங்களிடம் காட்டுவார். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி, பதிவான பத்திரம் பதிவு நாளிலிருந்து அல்ல, எழுதிக் கொடுத்த நாளிலிருந்தே நடைமுறைக்கு வரும். விற்பவர் உங்களுக்கு மார்ச்சில் எழுதிக் கொடுத்து, அதே வீட்டை ஏப்ரலில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்து, அவர் முந்திக்கொண்டு பதிந்துவிட்டாலும், உங்கள் பத்திரம் உரிய காலத்தில் பதிவானால் மார்ச் தேதியே முந்தும். ஆனால், 'பதிவானால்' என்பதை மறக்காதீர்கள். எழுதிக் கொடுத்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஏமாற்ற நினைத்தவர் உங்களோடு சார் பதிவாளர் முன் வந்து 'நான்தான் எழுதிக் கொடுத்தேன்' என்று எளிதில் சொல்லமாட்டார். பதிவாகாத பத்திரத்துக்கு இந்த விதியால் பயனில்லை.

வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குகிறவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் இன்னமும் ஏன் பத்திரம் எழுத வேண்டும்? எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறீர்களா என்று விற்பவரிடம் சார் பதிவாளர் கேட்பது, முழுப் பரிவர்த்தனைக்கும் உயிரான கேள்வி. பல அலுவலகங்களில் அது கைரேகை வைக்கும் அவசரத்தில் ஒரு முணுமுணுப்பாகக் கரைந்துபோகிறது. இதைப் பதிவுத்துறைதான் திருத்த வேண்டும்.

பத்திரத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். மீதித் தொகையை வங்கி வரைவோலையாக எடுத்து, அதன் எண்ணைப் பத்திரத்தில் குறிப்பிட்டு, சார் பதிவாளர் முன்னிலையில் விற்பவர் ஒப்புக்கொண்ட பிறகு கையில் கொடுங்கள். பதிவு முடிந்ததும் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.